தாசில்தாருக்கு ஏழு மணி ஊசி

செப்டம்பர் 5, திங்கள்

இது தாசில்தாரின் நோட்டு, என்னுடையது இல்லை. அவன் என்ன தின்கிறான், எத்தனை தடவை தண்ணீர் குடிக்கிறான், எத்தனை மணிக்கு ஊசி போட்டோம் என்று எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வரும்படி டாக்டர் பெனிட்டா உத்தரவு. தூத்துக்குடி தொலைபேசி நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம், யாருக்கு எந்த ஊர் லைன் கொடுத்தோம் என்று எழுதின கை இது. ஒரு பூனையின் மூத்திரக் கணக்கை எழுதுவது பெரிய காரியமா?

தாசில்தாருக்கு வயது ஒன்பது, நிறம் ஆரஞ்சு. ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் பிடிக்காத முகத்தோடு போவான். அதனால் அந்தப் பெயர். ஆறு கிலோ இருந்தவன் ஒரு மாதமாக இளைத்துக்கொண்டே வந்தான். வாளியில் வாயை வைத்தால் எடுப்பதில்லை. இன்றைக்குக் கூடையில் போட்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். காதில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சுகர் 412.

பூனைக்குச் சுகரா என்று சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. காலை ஏழு, மாலை ஏழு. முதலில் சாப்பிட வேண்டும், பிறகு ஒரு யூனிட் ஊசி. சோறு, பால், பிஸ்கட் கூடாது. மீன், கோழி, முட்டை மட்டும். ஒழுங்காகச் செய்தால் தேறிவிடுவான், சில பூனைகளுக்கு நாளடைவில் ஊசியே வேண்டாம் என்றுகூட ஆகிவிடும் என்றாள். செய்யாவிட்டால் என்று நான் கேட்டதற்கு, பொங்கலைப் பார்க்க மாட்டான் என்றாள். சின்னப் பெண்தான், ஆனால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை இவன் ஒருவன்தான். இவனுடைய அப்பா, அதாவது என் வீட்டுக்காரர், போய் ஆறு வருஷம் ஆகிறது. மாடியில் ஆள் இருக்கிறது. அதைப்பற்றி இந்த நோட்டில் எழுதுவதற்கில்லை.

செப்டம்பர் 6, செவ்வாய்

காலை 6.50: அவித்த சாளை மீன் இரண்டு. மிச்சம் வைக்கவில்லை.
காலை 7.00: ஊசி போடவில்லை.
காலை 7.20: ஊசி போடவில்லை.
காலை 7.40: ஊசி போட்டேன். பூனைக்கு அல்ல, சோபாவுக்கு.

நேற்று கத்தரிக்காயில் இருபது தடவை குத்திப் பழகினேன். கத்தரிக்காய் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை, இவன் பார்க்கிறான். கை உதறுகிறது. மாலையில் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டேன். உள்ளே போனதா, ரோமத்தில் போனதா, ஆண்டவனுக்கே வெளிச்சம். குத்தின உடனே ஒரே ஓட்டமாக மாடிக்கு ஓடிவிட்டான்.

செப்டம்பர் 9, வெள்ளி

மீன் மூன்று. தண்ணீர் பதினோரு தடவை. ஊசி இரண்டு வேளையும் போட்டாயிற்று. நான் அழுதது ஒரு தடவை (இதை டாக்டரிடம் காட்டும்போது கிழித்துவிட வேண்டும்).

செப்டம்பர் 14, புதன்

சுகர் 396. ஒன்பது நாள் பாடுபட்டுப் பதினாறு குறைந்திருக்கிறது. வேறு என்ன கொடுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டாள். மீனைத் தவிர வேறெதுவும் கண்ணில் காட்டவில்லை என்று சத்தியம் செய்தேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு, இதே பூனையைப் போன வாரம் செல்லையா என்ற பெயரில் ஒரு அம்மா ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்பினார்களே, அதே முகவரி, இளைத்துப்போனான் என்று போனில் டானிக் கேட்டார்களே என்றாள். அன்றைக்குத் தான் லீவில் இருந்ததால் வேறு ஒருவர் பார்த்தாராம். அவர்கள் தினமும் இரண்டு வேளை பால்சோறும் நாலு ரஸ்க்கும் கொடுப்பதாகச் சொன்னார்களாம்.

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. கீழே நான் பத்தியம் வைக்க, மாடியில் விருந்து நடந்திருக்கிறது.

இனி எழுதாமல் தீராது. மாடியில் இருப்பது என் கூடப் பிறந்த அக்கா சிவகனி. அவளும் தனிதான். அப்பா கட்டின வீட்டில், காற்று வேண்டும் என்று மாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டவள். நாங்கள் பேசி நாலு வருஷம் ஆகிறது. அவள் மகள் சுகந்தியை நான் என் மகளாகத்தான் வளர்த்தேன். குளிப்பாட்டி, தலைபின்னி, ஸ்கூலுக்கு அனுப்பியதெல்லாம் நான். அந்தப் பிள்ளையின் கல்யாணப் பத்திரிகையை எனக்கு யார் கொண்டுவந்து கொடுத்தது? பூக்காரி பேச்சியம்மாள். முல்லைப்பூ முழத்தோடு சேர்த்துப் பத்திரிகையையும் கூடையிலிருந்து எடுத்து நீட்டினாள். ஒரு தாம்பாளம் இல்லை, வெற்றிலை பாக்கு இல்லை, குங்குமம் இல்லை. ஊரெல்லாம் போய்ப் பத்திரிகை வைத்தவளுக்குப் பதினாறு படி இறங்கி வர முடியவில்லை. கல்யாணத்துக்குப் போனேன். தாலி கட்டினதும் அட்சதை போட்டுவிட்டு, பந்தியில் உட்காராமல் வந்துவிட்டேன். அதோடு முடிந்தது.

இப்போது இந்தப் பூனைக்காக நான் போய் முதலில் பேச வேண்டுமா? செத்தாலும் மாட்டேன்.

செப்டம்பர் 15, வியாழன்

செத்தால் சாகிறது நானில்லையே, இவனில்லையா. நாள் முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். நான் அவளிடம் பேசினால்தான் பேச்சு. பூனையிடம் பேசினால் யார் என்ன சொல்ல முடியும்?

தாசில்தாரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியின் கீழே நின்று, மதுரைக்குக் கேட்கும்படி சொன்னேன்: "எய்யா தாசில்தாரே, உனக்குச் சுகரு நானூறு. பாலும் சோறும் ரஸ்க்கும் தின்னா பொங்கலுக்கு இருக்க மாட்ட. போடுதவங்க தெரிஞ்சு போடுதாங்களோ, தெரியாமப் போடுதாங்களோ, நீயாவது வேண்டாம்னு சொல்லு."

மேலே டி.வி. சத்தம் நின்றது. பிறகு தலைப்படியிலிருந்து குரல் வந்தது: "ஏல செல்லையா, பத்து நாளா ஊசி போடுதாங்களே, ஒரு வார்த்தை யாராவது எங்கிட்டச் சொன்னாங்களா? எனக்கு என்ன கனவா வரும்?"

குரல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. முன்னெல்லாம் அவள் கூப்பிட்டால் தெருமுனைக் கடையில் கேட்கும்.

செப்டம்பர் 17, சனி

மாடியிலிருந்து பால்சோறு போகவில்லை என்று நம்புகிறேன். இறால் உரிக்கும் வாசம் வந்தது.

செப்டம்பர் 20, செவ்வாய்

இன்றைக்குக் காலை முற்றத்தில் ஊசியோடு அவனைத் துரத்திக்கொண்டிருந்தேன். மேலே கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று பார்த்திருப்பாள் போலிருக்கிறது. "செல்லையா, கழுத்துக்குப் பின்னால தோலை மூணு விரலால கூடாரம் மாதிரித் தூக்கணும். அதுக்கு அடியில சாய்வா விடணும். செங்குத்தா ஆணியா அடிக்காங்க?" என்று குரல் வந்தது. நான் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் கூடாரம் மாதிரித் தூக்கினேன். வழுக்கிக்கொண்டு போனது ஊசி. அவன் மீன் தின்பதை நிறுத்தக்கூட இல்லை.

போகும்போது இன்னொன்றும் சொன்னாள்: "நான் ரெண்டு வருஷமா என் வயித்துல நானே போட்டுக்கிடுதேன். பயந்தா ஆகுமால?"

இரண்டு வருஷமாக. எனக்குத் தெரியாது.

மீன் இரண்டு, முட்டை ஒன்று, தண்ணீர் ஏழு தடவை.

செப்டம்பர் 24, சனி

புரட்டாசி சனிக்கிழமை. நான் கவுச்சி தொட மாட்டேன், வீட்டுக்குள்ளும் கொண்டுவர மாட்டேன். தாசில்தார் பெருமாளுக்கு விரதம் இருக்க முடியாதே. பின்னால் குழாயடியில் செங்கல் அடுக்கி, பழைய சட்டியில் அவனுக்குத் தனிச் சமையல் செய்தேன். அவித்து முடித்துத் தலைக்குக் குளித்துவிட்டு வந்தால், மாடியிலிருந்து ஒரு மூடின கிண்ணம் கயிற்றில் இறங்கியிருக்கிறது. உள்ளே எலும்பெடுத்த கோழி. அவளும் இதே விரதக்காரிதான். யாரிடம் சொல்லிச் சமைத்து வாங்கினாளோ.

கிண்ணத்தைக் கழுவி, வெறுங்கிண்ணமாக அனுப்பக் கூடாது என்று நாலு சுண்டல் போட்டுக் கயிற்றில் கட்டினேன். இது பேச்சு ஆகாது.

அக்டோபர் 6, வியாழன்

சுகர் 271. டாக்டர் கை கொடுத்தாள்.

ஒரு சிக்கல் உண்டு. தாசில்தார் காலையில் பாதி நாள் மாடியில்தான் வெயில் காய்கிறான். ஏழு மணிக்குப் பிடிக்கக் கீழே கூப்பிட்டால் வருவதில்லை. ஆகவே மாடி ஆளும் டாக்டருக்குப் போன் போட்டுத் தனியாக ஒரு மருந்து பாட்டில் வரவழைத்து வைத்துக்கொண்டாள். ஏழு மணிக்கு அவன் எங்கே இருக்கிறானோ அங்கே இருக்கிறவர் போடுவது என்று, பூனை மூலமாகவே, ஒப்பந்தம் ஆனது. போட்டவர் மாடிப்படிக் கம்பியில் ஒரு நீலத் துணிக் கிளிப்பை மாட்ட வேண்டும். கிளிப் இருந்தால் மற்றவர் தொடக் கூடாது. சாயங்காலத்துக்குச் சிவப்புக் கிளிப்.

இதைக் கேட்டு டாக்டர் பெனிட்டா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஒரே வீட்டுலதான இருக்கீங்க? போட்டாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிக்கிட மாட்டீங்களா?" என்றாள். கிளிப் போதும் என்றேன்.

அக்டோபர் 19, புதன்

மீன் மூன்று. நீலம், சிவப்பு, இரண்டும் ஒழுங்கு. இன்று அலமாரி மேலே தாவி ஏறினான். ஆறு மாதமாக ஏறினதில்லை. எவர்சில்வர் சம்படம் ஒன்று கீழே விழுந்து நெளிந்தது. சந்தோஷத்தில் திட்டவில்லை.

அக்டோபர் 25, செவ்வாய்

நேற்று தீபாவளி. வெடிச் சத்தத்துக்கு இருவரும், அதாவது அவனும் நானும், கட்டிலை விட்டு நகரவில்லை. அவன் கட்டிலுக்கடியில், நான் மேலே. கயிற்றில் முறுக்கு வந்தது. நான் ரவா லட்டு அனுப்ப எடுத்து, இரண்டு வருஷமாக ஊசி என்றாளே என்று ஞாபகம் வந்து, காரத் தட்டை நாலு வைத்து அனுப்பினேன்.

நவம்பர் 9, புதன்

இன்று எழுத முடியவில்லை. உயிரோடு இருக்கிறான்.

நவம்பர் 10, வியாழன்

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

காலை ஏழுக்குக் கீழேதான் இருந்தான். மீன் ஒன்றரை தின்றான். ஊசி போட்டு நீலக் கிளிப்பை மாட்டினேன். அது நல்ல ஞாபகம். ஏழேகாலுக்கு மழை அடித்துக்கொண்டு வந்தது. மாடிப்படிக்குப் பக்கத்துக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். அந்த நேரத்தில் அவன் மாடிக்குப் போயிருக்கிறான். அவள் வந்து பார்த்திருக்கிறாள், கம்பியில் கிளிப் இல்லை. நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அவளும் ஒரு யூனிட் போட்டிருக்கிறாள். கிளிப் எங்கே போனதோ. காற்றில் விழுந்திருக்கும்.

ஒன்பதரை மணி இருக்கும். "ஏட்டி ஜெயா! ஜெயக்கொடி!" என்று ஒரு சத்தம். தெருமுனைக் கடையில் கேட்டிருக்கும். நாலு வருஷத்துக்குப் பிறகு என் பெயர். ஓடி வந்து பார்த்தால் அவள் படியில் நிற்கிறாள், கையில் தாசில்தார் ஈரத் துணி மாதிரித் தொங்குகிறான். வாயில் எச்சில் வழிகிறது, கண் எங்கேயோ பார்க்கிறது. ஒரு கையால் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் பக்கவாட்டில் திரும்பி, இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து வைத்து இறங்கினாள். பதினாறு படியும் அப்படியே. ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடித்தாள். நான் பாதியில் ஏறிப் போய் அவனை வாங்கிக்கொண்டேன்.

"நீ போட்டியாட்டி?"

"போட்டேங்கா. நீ?"

"நானுந்தான் போட்டேன்."

அதற்கு மேல் கேட்க நேரமில்லை. இடுப்பில் செருகியிருந்த தன் சுகர் மிஷினை எடுத்து அவன் காதில் குத்திப் பார்த்தாள். 34. தேன் எடு என்றாள். எடுத்து வந்தேன். எனக்கு இப்படி வந்தால் நானே இதைத்தான் செய்வேன் என்று சொல்லிக்கொண்டே, விரலில் தொட்டு அவன் ஈறில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். இவளுக்கு இப்படி வந்திருக்கிறதா? எத்தனை தடவை? மாடியில் தனியாக? அப்போது கேட்கவில்லை. ஆட்டோவில் இரண்டு பேரும் நடுவில் அவனை வைத்துக்கொண்டு போனோம். எனக்கு அழுகை நிற்கவில்லை, அவள் வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் தாசில்தார் தலையைத் தூக்கி, ஆட்டோக்காரரைப் பார்த்து ஒரு தடவை கத்தினான். அந்தச் சத்தம் போல எனக்கு வேறு எதுவும் இனித்ததில்லை.

டாக்டர் எங்கள் இருவரையும் நிற்கவைத்துக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத மாட்டேன். மருந்தைப் பாதியாகக் குறைத்தாள். இனி ஊசி போடுவது ஒரே இடத்தில், இருவரும் பார்க்க.

நவம்பர் 12, சனி

துணி மடித்தேன். என் நைட்டியின் தோளில் நீலக் கிளிப்.

அவசரத்தில் கொடிக் கிளிப்பையெல்லாம் பிடுங்கினபோது கம்பியில் இருந்ததையும் பிடுங்கியிருக்கிறேன். காற்றின் மேல் பழி போட்டது தப்பு. அதற்கு முன்னால் மனதுக்குள் வேறு ஒருத்தி மேல் போட்டிருந்தேன், அதை எழுதவில்லை.

கிளிப்பை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். நாலு வருஷத்தில் முதல் தடவை. அக்கா கால் முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமை இறங்கின கூலி. கிளிப்பை அவள் முன்னால் வைத்து, நான்தான் என்றேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சிரித்தாள் பாருங்கள், கட்டில் ஆடும்படி. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து முடித்ததும் கேட்டுவிட்டேன். "ஏன்க்கா பத்திரிகையப் பேச்சியம்மாட்டக் கொடுத்து விட்டே?"

"அன்னைக்குத்தான் முட்டியில நீர் எடுத்தாங்க. ஒரு வாரம் கால ஊனக் கூடாதுன்னுட்டாங்க. ஊருக்கெல்லாம் பத்திரிகை வச்சது சுகந்தி மாமனார் வீட்டு ஆளுங்க. உனக்கு மட்டும் நான் என் கையால வைக்கணும்னு நெனச்சு, தாம்பாளத்துல வெத்தல பாக்கெல்லாம் எடுத்து வச்சிட்டு, தேதி பார்த்துக்கிடட்டும்னு ஒரு பத்திரிகையக் கொடுத்துப் பேச்சியம்மாட்டச் சொல்லிவிட்டேன், தங்கச்சிய மேல வரச் சொல்லுன்னு. அவ பத்திரிகையத்தான் கொடுத்தா, சொன்னதச் சொல்லல போல."

சொன்னாள். அக்கா பேசப் பேச எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது. மேலே கூப்பிடுகிறார்கள் என்று பேச்சியம்மாள் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில், கூப்பிடுகிறவர்கள் இறங்கி வரட்டும் என்று கதவைச் சாத்திவிட்டேன். முட்டியைப் பற்றி நான் யாரிடமும் விசாரிக்கவும் இல்லை. இதை அக்காவிடம் சொன்னேன். அவள் முட்டிக் கட்டைத் தடவிக்கொண்டாள். பிறகு, "தாம்பாளம் அன்னைக்குப் பூரா அங்கனயே இருந்துச்சு" என்றாள்.

பேச்சியம்மாளிடம் நாலு வருஷமாகப் பூ வாங்கவில்லை நான். நாளைக்கு இரண்டு முழம் வாங்க வேண்டும்.

நவம்பர் 13, ஞாயிறு

புது ஏற்பாடு. அக்கா இறங்க வேண்டாம், நான் ஏறுவது. காலை ஏழு, மாலை ஏழு. அவள் மீனை வைப்பாள், நான் ஊசி போடுவேன். இரண்டு முழம் வாங்கினேன். பேச்சியம்மாள் மூன்றாகக் கொடுத்தாள்.

நவம்பர் 28, திங்கள்

ஏறினால் இறங்க எட்டரை ஆகிறது. காப்பி குடித்துவிட்டுப் போ என்கிறாள். சீனியில்லாத காப்பி. விளக்கெண்ணெய் தேவலை. குடிக்கிறேன்.

டிசம்பர் 12, திங்கள்

சுகர் 118. ஒரு நாளைக்கு ஒரு ஊசி போதும். டாக்டர் மகிழ்ச்சியாகச் சொன்னாள். நானும் மகிழ்ச்சியாகக் கேட்டுக்கொண்டேன். மாலை ஊசி மட்டும் போட்டால் போதும் என்றால், காலையில் ஏற வேண்டியதில்லை. காலையிலும் ஏறினேன். அவன் மீன் தின்கிறானா என்று பார்க்க ஆள் வேண்டாமா?

டிசம்பர் 26, திங்கள்

சுகர் 92. நான் மட்டும்தான் கொண்டுபோயிருந்தேன். டாக்டர் ஊசியை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுப் பத்தியம் மட்டும் போதும், மாதம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம், பொங்கலுக்கு இவனுக்கு மாலை போடுங்கள் என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். ஆட்டோவில் வரும்போது தாசில்தாரைக் கொஞ்சிக்கொண்டே வந்தேன். வீடு வந்து சேர்ந்ததும் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு மணிக்கு இனி என்ன வேலை? அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஆறே முக்காலுக்குப் புடவையைச் சரிசெய்தேன். ஊசி இல்லாமல் என்னவென்று ஏறுவது என்று உட்கார்ந்துவிட்டேன். ஏழாயிற்று. ஏழு ஐந்தாயிற்று.

"ஏட்டி ஜெயா, மணி ஏழு தாண்டிட்டு."

ஏறினேன். தாசில்தார் ஏற்கெனவே அங்கே மீன் தின்றுகொண்டிருந்தான். மெதுவாக, அக்கா, இவனுக்கு ஊசி நிறுத்தியாயிற்று என்றேன்.

"தெரியும். மத்தியானமே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன்."

"பின்ன என்னத்துக்குக் கூப்பிட்டே?"

அவள் தன் மருந்துப் பையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள். "வயித்துல குத்திக் குத்திக் கட்டி கட்டியா இருக்கு. கையில போடச் சொல்லுதாங்க. பின்பக்கம் எனக்கு எட்டல. நீதான் போடணும்."

பதினாலு யூனிட் எடுத்தேன். காற்றுக் குமிழி இல்லாமல் தட்டினேன். மூன்று விரலால் கூடாரம் மாதிரித் தூக்கினேன், சாய்வாக விட்டேன். கை உதறவில்லை. "வலிச்சுதாக்கா?" என்று கேட்டேன். செல்லையாவை விட என்னை முரட்டுத்தனமாகப் பிடிக்கிறாய் என்றாள்.

டிசம்பர் 27, செவ்வாய்

தாசில்தாரின் நோட்டு நேற்றோடு முடிந்தது. பக்கம் நிறைய மிச்சம் இருப்பதால் தொடர்கிறேன்.

பெயர்: சிவகனி. வயது: 66.
காலை 7.00: பதினாலு யூனிட், வலது கை.
சாப்பிட்டது: தோசை இரண்டு என்று சொல்கிறாள். சட்டியைப் பார்த்தால் மூன்று.
தண்ணீர் எத்தனை தடவை குடித்தாய் என்று கேட்டேன். கரண்டியை எடுத்துக்கொண்டு அடிக்க வந்தாள்.